பி.ஓ. பிரிசில்லாவின் தகப்பன்

நடுநாட்டு அன்னை சேய் நலப் பேரறக்கட்டளை மருத்துவமனை என்று முழுப்பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் பிரசவமே ஆகிவிடும் என்பதால், சிதம்பரத்து ஆட்டோக்காரர்கள் அதை டிரஸ்ட் ஆஸ்பத்திரி என்று சுருக்கிவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் சுவர் தெரியாத அளவுக்குப் பலகைகள். சத்தம் போடாதீர். சாய்ந்து நிற்காதீர். சந்தேகங்களை உரிய கவுன்டரில் மட்டும் கேட்கவும். உரிய கவுன்டர் எது என்ற சந்தேகத்தை எங்கே கேட்பது என்பதற்கு மட்டும் பலகை வைக்க மறந்திருந்தார்கள்.

2008ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அங்கே செம்பியனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. செம்பியன் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் லேபிள் பிரிவில் இருப்பவன். டிரம்முக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் மேலே ஒட்டிய சீட்டிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் டிரம் கேட்டைத் தாண்டாது. எட்டு வருஷமாக அவன் பார்க்கும் வேலை அவ்வளவுதான். மனைவி பிரிசில்லா குமராட்சிப் பக்கத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பிறந்த ஊருக்குப் பக்கம் என்றுதான் பிரசவத்துக்குச் சிதம்பரத்துக்கு வந்தார்கள். அதைத் தவிர அவர்கள் வேறு தப்பு எதுவும் செய்யவில்லை.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எடை கொஞ்சம் குறைவு, மூச்சு கொஞ்சம் வேகம், பயப்பட ஒன்றுமில்லை, நாலைந்து நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பச்சைத் துணியில் சுற்றிய ஒரு சின்ன மூட்டையை ஏந்திக்கொண்டு நர்ஸ் வேகமாகக் கடந்து போனபோது மூட்டையின் ஓரத்தில் ஒரு காது மட்டும் தெரிந்தது. சிவப்பாக, மடங்கி, ஒரு காது. செம்பியன் அதன் பின்னாலேயே ஓடினான். கண்ணாடிக் கதவு அவன் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. கதவுக்கு உள்பக்கம் நீலத் திரை, வெளிப்பக்கம் ஸ்டூல், ஸ்டூல் மேல் காவலர் சாமிக்கண்ணு.

"பாஸ்?"

"நான் அப்பாங்க."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. பதிவேட்டுத் துறைக்குப் போயி பாஸ் வாங்கிக்கினு வா."

பதிவேட்டுத் துறைத் தலைவர் தட்சிணாமூர்த்தி இருபத்திரண்டு வருஷ அனுபவஸ்தர். அந்த மாதம் முதல் தேதிதான் அவர் மேஜைக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. வந்த அன்றே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, 'குழந்தையின் கையில் உள்ளது உள்ளபடியே கணினியில் ஏற்றப்பட வேண்டும்' என்று ஒரு சுற்றறிக்கையும் போட்டுவிட்டார். பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் கட்டும் பிளாஸ்டிக் பட்டையைத்தான் அப்படிச் சொன்னார்.

"கொழந்த பேரு?"

"இன்னும் வெக்கல சார்."

"வெச்சிருக்கீங்க." திரையைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு படித்தார். "பி.ஓ. பிரிசில்லா."

"பிரிசில்லா என் ஒய்ஃப் சார்."

"அம்மா பேரையே கொழந்தைக்கும் வெச்சிருக்கீங்க. அது ஒங்க குடும்ப விஷயம், ஆஸ்பத்திரி தலையிடாது. அப்பா பேரு?"

"செம்பியன்."

தட்சிணாமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். "பி.ஓ.ன்னு போட்டிருக்கு. அதுல செம்பியன் எங்கய்யா வருது?"

செம்பியனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டான். அது அவன் செய்த முதல் ஒழுங்கீனம் என்று பின்னால் கோப்பில் குறிக்கப்பட்டது.

"சார், அது பேபி ஆஃப். பேபி ஆஃப் பிரிசில்லா. பிரிசில்லாவோட கொழந்தன்னு அர்த்தம். இனிஷியல் இல்ல சார்."

"பேருக்கு முன்னாடி ரெண்டு எழுத்து இருந்தா அது இனிஷியல்."

"நடுவுல கோடு இருக்குமே சார்."

"சாஞ்ச புள்ளி. நர்ஸம்மாங்க அவசரத்துல எழுதறாங்க, புள்ளி சாயத்தான் செய்யும். நாங்க நிமித்தி வெச்சிருக்கோம்." அவர் குரலில் கருணை இருந்தது. "தம்பி, இனிஷியல் இல்லாத மனுஷன் இந்த நாட்டுல உண்டா? ரேஷன் கார்டுலேர்ந்து சுடுகாட்டு ரசீது வரைக்கும் மொத கேள்வி அதான். ஒங்க கொழந்த பொறக்கும்போதே ஒண்ணுக்கு ரெண்டா இனிஷியலோட பொறந்திருக்கு. சந்தோஷப்படுங்க. அந்த பி.ஓ.வ வரச் சொல்லுங்க, பாஸ் தர்றேன்."

"அப்படி ஒரு ஆளே கெடையாது சார். கொழந்தைக்கு அப்பன் நான்."

"ஆதாரம்? தாய்க்குத் தையல் இருக்குது. ஒங்களுக்கு என்னா இருக்குது?"

உலகத்தில் எந்த ஆம்பிளைக்கும் அந்தத் தையல் கிடையாது. செம்பியனுக்கும் கிடையாது.

பாஸில் மூன்று கட்டங்கள் இருந்தன. தாய், தந்தை, பிறர். தட்சிணாமூர்த்தி மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்து, நோக்கம் என்ற இடத்தில் 'பால் கொண்டுவருதல்' என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நாலாவது மாடியில் படுத்திருந்த பிரிசில்லாவிடம் பாலை வாங்கி, மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் தரைத்தளத்துக்குக் கொண்டுவரலாம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திறப்பு வழியாக உள்ளே நீட்டலாம். கிண்ணம் உள்ளே போகும், அவன் போகக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 'பிறர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தன் பிள்ளைக்குப் பால் கொண்டுபோனான் செம்பியன். சாமிக்கண்ணு அவனை "பாலு" என்று கூப்பிடத் தொடங்கினார்.

திறப்புக்கு அந்தப் பக்கம் கிண்ணத்தை வாங்கிக்கொள்பவர் சிஸ்டர் லோகநாயகி. விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாந்தாங்க எழுதுனேன். பேபி ஆஃப்தான். எந்த ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் எழுதுவோம். இருங்க, நான் போயி அவருகிட்ட சொல்லிட்டு வர்றேன்."

போனவர் பத்து நிமிஷத்தில் ஒரு காகிதத்தோடு திரும்பினார். இனிஷியல் எழுத வேண்டிய இடத்தில் இனிஷியல் அல்லாத ஒன்றை எழுதியதாகத் தாமே ஒப்புக்கொண்டமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாளில் விளக்கம் கேட்கும் மெமோ அது. மருத்துவத் துறையில் அது பேபி ஆஃபாக இருக்கலாம், பதிவேட்டுத் துறையில் அது இனிஷியல், ஒரு துறை விஷயத்தில் இன்னொரு துறை மூக்கை நுழைக்கக் கூடாது என்று வாய்மொழியாகவும் சொல்லி அனுப்பியிருந்தார் தட்சிணாமூர்த்தி.

மாடியில் பிரிசில்லா இதைக் கேட்டுச் சிரித்தாள். துணைக்கு இருந்த அவள் அக்கா அமராவதியும் சிரித்தாள்.

"மாமா, சிரிக்க வெக்காத, தையல் இழுக்குது. புள்ளைய பெத்தது நானு, காணாமப்போனது அப்பனா?" என்றவள் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "எனக்கு மயக்கத்துல சரியாத் தெரியல மாமா. கொழந்த மூஞ்சி யாரு மாதிரி இருக்கு? நீ பாத்துட்டு வந்து சொல்லு."

"காது நல்லா இருக்கு" என்றான் செம்பியன். வேறு என்ன சொல்வது? 

மறுநாள் புதன்கிழமை பதினொரு மணிக்கு மருத்துவமனை ஒலிபெருக்கி கனைத்துக்கொண்டது. "பச்சிளங்குழந்தைப் பிரிவில் உள்ள செல்வி பி.ஓ. பிரிசில்லாவின் தகப்பனார் திரு. பி.ஓ. அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகப் பதிவேட்டுத் துறைக்கு வரவும்." மூன்று தடவை சொன்னார்கள். செம்பியன் படிகளில் விழுந்தடித்து இறங்கி ஓடினான். அவனுக்கு முன்பே அங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளை மீசை, தோளில் துண்டு, வயது அறுபதை ஒட்டி. பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருப்பவர். பண்ருட்டி ஒப்பிலாமணி மகன் வைத்திலிங்கம். ஊரில் வைத்திலிங்கம் என்றால் யாருக்கும் தெரியாது, பி.ஓ. என்றால் குழந்தைக்கும் தெரியும். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்துவிட்டார்.

"ஒங்க பேரு பி.ஓ.வா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"ஆமாங்க. எல்லாரும் பி.ஓ.ன்னுதான் கூப்புடுவாங்க."

"ஆதாரம் எதாவது?"

வைத்திலிங்கம் ரேஷன் கார்டை நீட்டினார். பி.ஓ. வைத்திலிங்கம் என்று தமிழில் இருந்தது; தமிழில் எழுதினால் பேபியின் பி-யும் பண்ருட்டியின் பி-யும் ஒன்றுதான். அச்சடித்த எழுத்து, நிமிர்ந்த புள்ளி. தட்சிணாமூர்த்தியின் முகத்தில் இருபத்திரண்டு வருஷத்தில் வராத ஒரு வெளிச்சம் வந்தது. தந்தை என்ற கட்டத்தில் டிக் அடித்தார். "பாத்தீங்களா தம்பி" என்று செம்பியனைத் திரும்பிப் பார்த்தார். "ஆளே கெடையாதுன்னீங்க."

சாமிக்கண்ணு ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். வைத்திலிங்கம் உள்ளே போனார். செம்பியன் வெளியே நின்றான். நீலத் திரை அசைந்து அடங்கியது.  இந்தக் கட்டடத்தைச் செங்கல் செங்கலாகப் பிரித்துப் போடலாமா என்று இருந்தது அவனுக்கு.

ஐந்து நிமிஷத்தில் வைத்திலிங்கம் முகம் வெளிறி வெளியே வந்தார்.

"எம்பொண்ணுக்கு இன்னும் வலியே எடுக்கல. அதுக்குள்ள கொழந்தயக் காட்டறாங்களேன்னு பாத்தேன். சிஸ்டரு சொன்னப்புறந்தான் தெரிஞ்சிது. ஏம்பா, அப்பன் நீயாப்பா?"

செம்பியன் தலையை ஆட்டினான்.

"மன்னிச்சிக்கப்பா. தெரியாம பாத்துட்டேன்." பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "முடி ஜாஸ்தி. நெத்தி வரைக்கும் முடி. மூக்கு ஒன்னுதுதான், சந்தேகமே வாணாம். எடது கைய இறுக்கி மூடி வெச்சிருக்கு, சிஸ்டரு தொறக்கப் பாத்தாங்க, உடல. கோவக்காரி. நல்லா மூச்சு உடுது, நான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

இந்த ஆளை அடிப்பதா கும்பிடுவதா என்று செம்பியனுக்குத் தெரியவில்லை. கும்பிட்டான். பிறகு நாலு மாடி ஏறிப் போய், வைத்திலிங்கம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பிரிசில்லாவிடம் தான் பார்த்த மாதிரியே சொன்னான். மூக்கு பற்றிச் சொல்லும்போது தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வைத்திலிங்கம் சும்மா போகவில்லை. செம்பியன் இறங்கி வந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு பதிவேட்டுத் துறைக்குத் திரும்பிப் போய், குழந்தை தன்னுடையது அல்ல, அந்தப் பையனை உள்ளே விடுங்கள் என்று வாதாடினார். தட்சிணாமூர்த்தி யோசித்தார். முந்தின நாள் செம்பியன் சிரித்த கோபத்தில் அவனிடம் சொல்லாமல் விட்ட ஒரு வழி ஞாபகம் வந்தது.

"பி.ஓ. நேர்ல வர முடியாத சந்தர்ப்பங்கள்ல அவர் சார்பா இன்னொருத்தர் கையெழுத்துப் போடலாம். அதுக்கு ரப்பர் ஸ்டாம்பே வெச்சிருக்கோம்." டிராயரைத் திறந்து காட்டினார். 'பி.ஓ. சார்பில்' என்று ஊதா மையில் இருந்தது. "போடுங்க தம்பி. மத்தவங்க எல்லாம் போட்டுட்டு சத்தமில்லாம போறாங்க."

"மத்தவங்கன்னா?"

"இந்த மாசம் பொறந்த அத்தன கொழந்தைக்கும் அப்பா பி.ஓ.தானே."

செம்பியன் அந்தப் பதிவேட்டை எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு வரியிலும் ஊதா ஸ்டாம்பு, ஸ்டாம்புக்குக் கீழே ஒரு கையெழுத்து. அவனுக்கு முன்னால் வரிசையில் நின்ற சுப்புராயனும் அப்போதுதான் போட்டுவிட்டு நகர்ந்தான். வடலூர்க்காரன், தலைப்பிள்ளை, இரண்டு நாள் பழக்கத்திலேயே மச்சான் என்று கூப்பிடுகிற அளவுக்கு நெருங்கிவிட்டவன்.

"கையெழுத்துதானே மச்சான்? போட்டுட்டு புள்ளைய தூக்கிக்கினு போவியா, சும்மா நின்னு பேசிக்கினு. எங்கெங்கயோ போடறோம், இதுல ஒண்ணு."

"என் புள்ளைக்கு நான் அப்பன். இன்னொருத்தன் சார்புல அப்பன்னு எப்படிடா போடறது?"

"வீட்டுக்குப் போயிட்டா எவன் கேக்கப்போறான்?"

"நான் கேப்பேன்."

சுப்புராயன் அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனான். செம்பியன் ஸ்டாம்பைத் தட்சிணாமூர்த்தி பக்கம் நகர்த்தி வைத்தான். "சார், எங்க கம்பெனியில ஒரு டிரம்முல லேபிள் தப்பா இருந்தா லேபிளத்தான் கிழிப்போம். லேபிளுக்கு ஏத்த மாதிரி உள்ள இருக்கறத மாத்த மாட்டோம். நான் போட மாட்டேன்."

கையெழுத்துப் போட மறுத்தது இரண்டாவது ஒழுங்கீனம். வியாழக்கிழமை பிரிசில்லாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் குழந்தையைக் காட்டினார்கள். தையல் இருந்ததால் பிரச்சினை வரவில்லை. திரும்பி வந்தவள் அழுதாள்.

"போட்டுடு மாமா. ஒரு தபா தூக்கிப் பாரு. அதுக்கப்புறம் ஒனக்கு ரோஷம் இருக்குதான்னு பாக்கறேன்."

அன்று மாலை வரை அவன் ரோஷம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு முறை பதிவேட்டுத் துறை வாசல்வரை போனான். ஊதா மை டப்பாவைப் பார்த்ததும் திரும்பிவிட்டான். வெள்ளிக்கிழமையும் கழுத்தில் 'பிறர்' ஆடப் பால் சுமந்தான்.

சனிக்கிழமை காலை டாக்டர் குழந்தையைப் பார்த்து, எடை ஏறிவிட்டது, மூச்சு சீராகிவிட்டது, தாயும் சேயும் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். எழுதிய பத்தாவது நிமிஷம் செம்பியனை முதன்மை நிர்வாக அலுவலர் ஞானசேகரன் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

அன்றுதான் மருத்துவமனைக்குத் தரச் சான்றிதழ் கொடுக்க ஒரு கமிட்டி வருவதாக இருந்தது. வராந்தாவில் புதுத் துடைப்ப வாசனை. ஞானசேகரன் மேஜை மேல் சால்வைகள், முந்திரிப் பொட்டலங்கள், இந்த மாதத்துப் பிறப்புப் பட்டியல். பட்டியலில் நாற்பத்தேழு குழந்தைகள். தகப்பன் பெயர் பத்தியில் நாற்பத்தேழு தடவை பி.ஓ. ஞானசேகரன் அதை அன்று காலைதான் முதல்முறையாகப் படித்திருந்தார். நாற்பத்தாறு ஊதா ஸ்டாம்பு, ஓர் இடம் காலி.

"ஒக்காருங்க மிஸ்டர் செம்பியன்" என்றார். உட்கார நாற்காலி இல்லை. "இந்த ஆஸ்பத்திரி ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒரு பேஷன்ட் எங்க மேல புகார் குடுத்ததில்ல. ஏன்னா புகார்ப் பெட்டிச் சாவிய நான் யாருகிட்டயும் குடுக்கறதில்ல. அவ்வளவு பொறுப்பு. மாவட்டத்துலயே இனிஷியல் இல்லாத கொழந்தை ஒண்ணுகூட இல்லாத ஒரே ஆஸ்பத்திரி எங்களுது. அதுவும் எல்லாக் கொழந்தைக்கும் ஒரே இனிஷியல். சாதி மதம் பாக்கல, ஏழை பணக்காரன் பாக்கல. இதவிட சமத்துவம் எங்க இருக்கு? மேடையில பேசறவங்க பேசறாங்க, நாங்க செஞ்சு காட்டியிருக்கோம்."

"சார், அது எழுத்துப் பிழை. திருத்திட்டாப் போதும்."

"ஒண்ணத் திருத்துனா நாப்பத்தேழையும் திருத்தணும். நாப்பத்தேழையும் திருத்துனா நாப்பத்தேழும் தப்புன்னு ஆயிடும். தப்பே நடக்காத ஆஸ்பத்திரின்னு சான்றிதழ் குடுக்கத்தான் கமிட்டி வருது. வாங்கறதுக்கு முன்னாடி திருத்துனா வாங்க முடியாது. வாங்குன பின்னாடி திருத்துனா வாங்குனது தப்புன்னு ஆயிடும்." அவர் தண்ணீர் குடித்தார். "தகப்பன் யாருங்கறது ஒரு சின்ன விவரம், மிஸ்டர் செம்பியன். பேஷன்ட் இன்னிக்கு வருவாரு, நாளைக்குப் போயிடுவாரு. ஃபைல் எங்கயும் போவாது. நாங்க யாருக்கு விசுவாசமா இருக்கணும், நீங்களே சொல்லுங்க."

"நான் என் புள்ளைய தூக்கிக்கினு போவணும் சார். அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் மூர்த்தி ஒரு வழி கண்டுபுடிச்சிருக்காரு."

தட்சிணாமூர்த்தி அடக்கத்தோடு முன்னால் வந்தார். ஒரே ஆள் ஒரே மாதத்தில் நாற்பத்தேழு குழந்தைக்குத் தகப்பன் என்றால் கமிட்டி கேள்வி கேட்கும். உயிரோடு இருக்கிறவரைத்தான் கேள்வி கேட்க முடியும். ஆகவே பி.ஓ. அவர்கள் நேற்று மாலை இயற்கை எய்தினார் என்று பதிந்துவிட்டால் எல்லாம் சுமுகமாகிவிடும். நாற்பத்தாறு பேரும் காலஞ்சென்றவர் சார்பில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். செம்பியனும் தனக்குப் பிடிக்காத ஸ்டாம்பில் கையெழுத்துப் போட வேண்டாம். அவன் மனைவி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இப்படிச் சொல்லி ஒரு படிவத்தை அவன் கையில் கொடுத்தார்.

'காலஞ்சென்ற திரு. பி.ஓ. அவர்களின் விதவை மனைவியாகிய பிரிசில்லா ஆகிய நான்' என்று அது தொடங்கியது. செம்பியன் அதற்கு மேல் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறினான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. 

பிரிசில்லா படிவத்தை டீச்சர் படிக்கிற மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். தலைமாட்டில் இருந்த பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, 'மனைவியாகிய' என்பதில் 'யாகிய'வை அடித்தாள், ஆகிய இரண்டு தடவை வந்துவிட்டது என்று. பிறகு விதவை என்ற சொல்லைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"அக்கா, அந்தப் பைய எடுத்துக்க" என்றாள் அமராவதியிடம். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். "கையெழுத்துப் போடுன்னு நான் சொன்னதுக்கு என்ன செருப்பால அடி மாமா. வா, போவலாம்."

"எங்க?"

"புள்ளைய தூக்க."

லிஃப்ட் கமிட்டிக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நாலு மாடியையும் மெல்ல மெல்ல இறங்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் பிரிசில்லா பல்லைக் கடித்தாள். அவளைத் தாங்கிக்கொண்டு இறங்கிய செம்பியன் இரண்டாவது மாடி தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்றான். கழுத்து அட்டையைக் கழற்றி அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டான்.

"பாலு, பாஸ் எங்க?" என்றார் சாமிக்கண்ணு.

"இல்ல."

"பாஸ் இல்லாம உள்ள போவக் கூடாது."

"தெரியும்."

செம்பியன் கண்ணாடிக் கதவில் கை வைத்துத் தள்ளினான். அது திறந்துகொண்டது. அந்தக் கதவுக்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. ஐந்து நாளாக அவனைத் தடுத்து வைத்திருந்தது ஒரு ஸ்டூல்தான். சாமிக்கண்ணுவுக்கே அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது, கதவை மேலும் கீழும் பார்த்தார்.

உள்ளே ஏழெட்டுத் தொட்டில்கள். எது என்று செம்பியன் தேடுவதற்குள் லோகநாயகி சிஸ்டர் ஒன்றிலிருந்து குழந்தையை எடுத்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் அவன் கையில் வைத்தார். நெற்றி வரைக்கும் முடி. அவன் அம்மா மாதிரி மோவாய். இதை வைத்திலிங்கம் சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து அவனைப் பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்று மூடிக்கொண்டது. செம்பியன் வாய்விட்டு அழுதான். வெட்கமாக இல்லை. இந்த ஐந்து நாளில் அவன் செய்த ஒரே நியாயமான காரியம் அதுதான் என்று தோன்றியது. பிரிசில்லா கத்தரிக்கோலை வாங்கி மணிக்கட்டுப் பட்டையை நறுக்கினாள்.

அதற்குள் ஞானசேகரனும் தட்சிணாமூர்த்தியும் ஓடிவந்துவிட்டார்கள். கமிட்டி வந்து பக்கத்து அறையில் முந்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆகவே இருவரும் தங்கள் ஆத்திரம் முழுவதையும் கிசுகிசுத்தே காட்ட வேண்டியிருந்தது.

"யார் அனுமதியில உள்ள வந்தே?" என்று ஞானசேகரன் கிசுகிசுத்தார்.

"யார் அனுமதியும் இல்லாமத்தான் சார்" என்று செம்பியன் சத்தமாகச் சொன்னான்.

"மெதுவாப் பேசுங்க. இது கொழந்தத் திருட்டு. போலீஸக் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. புகார் யாரு குடுப்பா? பி.ஓ.வா? அவர நேத்து சாயங்காலமே நீங்க சாவடிச்சிட்டீங்களே."

பக்கத்து அறையில் முந்திரி மெல்லும் சத்தம் நின்றது. ஞானசேகரனுக்கு வியர்த்தது. தட்சிணாமூர்த்தி மட்டும் நிதானமாக இருந்தார். ஒரு குழந்தை வெளியே போகிறதென்றால் அது பதிவாக வேண்டும், கோபதாபமெல்லாம் அப்புறம். கம்ப்யூட்டரில் இதற்குக் கட்டம் கிடையாது. கக்கத்திலிருந்த பழைய புறப்பாட்டுப் பதிவேட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் கேள்விகள் தாமாகவே வந்தன.

"தூக்கிச் செல்பவர் பெயர்?"

"செம்பியன். இனிஷியல் எஸ். சுப்பிரமணியன் மகன்."

எழுதினார்.

"முகவரி?"

"கடலூர், குடிகாடு, தெற்குத் தெரு. எந்த பி.ஓ.வாவது வந்து கொழந்தயக் கேட்டா அங்க அனுப்பி வைங்க. நான் வீட்லதான் இருப்பேன்."

எழுதினார்.

"குழந்தைக்கு என்ன உறவு?"

"அப்பன்."

தட்சிணாமூர்த்தி எழுதினார். எழுதி, கோடு போட்டு, மை உலர ஊதிய பிறகுதான் எழுதியதைப் படித்தார். பேனா கையிலேயே நின்றுவிட்டது. ஞானசேகரன் எட்டிப் பார்த்தார். அடிங்கய்யா அதை, அடிச்சுத் தொலைங்க என்று கிசுகிசுத்தார். தட்சிணாமூர்த்தி பதிவேட்டின் உச்சியைக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது, அடித்தல் திருத்தல் கூடாது என்று.